குளத்துக் கோரைகளை இனம் பிரிப்பது எப்படி: தாமிரபரணிக் கரைக்கான முழுமையான வழிகாட்டி

கன்னடியன் கால்வாய் நிரப்பும் எந்தக் குளத்தின் கரையில் நின்று பார்த்தாலும், நீரோரம் ஒல்லியாக நெட்டுக்குத்தாக நிற்பதை எல்லாம் கோரை என்று சொல்லிவிட்டு நடந்துவிடுகிறோம். பத்தமடையில் பாய் நெய்பவர் அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியாது. தவறான கட்டு வந்தால் அவருடைய வேலை கெடும். நெல் வயலில் களை எடுப்பவருக்கும் அதே நிலைதான். கிழங்கு விடும் கோரையையும் விதையில் மட்டும் பரவும் கோரையையும் ஒரே முறையில் ஒழிக்க முடியாது. பறவை பார்ப்பவருக்கும், தாழைக்கோழி எந்தப் புதருக்குள் நுழைந்தது என்று குறிப்பெழுதும்போது செடியின் பெயர் தேவைப்படுகிறது.

இந்தச் செடிகளைப் பிரிக்கப் பலரும் இலை, உயரம், நிறம் ஆகிய மூன்றைத்தான் முதலில் பார்க்கிறார்கள். மூன்றுமே ஏமாற்றும். தண்ணீர் வற்றினால் அதே செடி பாதி உயரத்தில் பழுத்து நிற்கும். மாடு மேய்ந்த குளத்தில் இலையே இருக்காது. சில இனங்களுக்கு இலை என்று சொல்லத்தக்க பரப்பு பிறவியிலேயே கிடையாது. தண்டு, பூங்கொத்து கிளம்பும் இடம், மணி (பூ முற்றித் தரும் விதைமணி) என்ற வரிசையில் பாருங்கள். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரிசையில்தான் போகிறது.

எப்போது போவது, எதை எடுத்துப் போவது

பிசானச் சாகுபடி முடியும் தறுவாய், அதாவது ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, நல்ல காலம். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய குளங்கள் மெல்ல இறங்கும். ஓரத்துச் செடிகள் காலடிக்கு எட்டும். அதைவிட முக்கியம், மணிகள் முற்றியிருக்கும். மணி முற்றாத செடியை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்வதில் பயனில்லை. நெல் வயல் கோரைகளுக்கு மட்டும் கார் பருவத்தில், நடவு முடிந்த நான்காவது, ஐந்தாவது வாரத்தில் போகலாம்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், புது பிளேடு, மில்லிமீட்டர் கோடுள்ள ஸ்கேல், வெள்ளைத் தாள், பென்சில், பழைய செய்தித்தாள் ஆகியவை போதும். பேனா வேண்டாம், நனைந்தால் எழுத்து கலைந்துவிடும். குளத்துக்குள் இறங்கும்போது நீளக் கம்பு ஒன்றால் சேற்றின் ஆழத்தைக் குத்திப் பார்த்துவிட்டு அடியெடுத்து வையுங்கள். கரையோரப் புதரில் கண்ணாடி விரியன் கிடக்கும் என்பதை நம் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கூந்தன்குளம் 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே அனுமதியில்லாமல் ஒரு தண்டைக்கூடப் பறிக்கக் கூடாது. பழகுவதற்கு ஊர்க் குளங்களும் வாய்க்கால் ஓரங்களும் தாராளமாக இருக்கின்றன.

முதல் படி: கோரைதானா?

தண்டைக் கீழிருந்து மேல்வரை விரலால் தடவுங்கள். இடையிடையே கணு தட்டுப்பட்டு, ஒவ்வொரு கணுவிலும் ஓர் இலை கிளம்பினால் அது புல். பெரும்பாலான புற்களில் கணுக்களுக்கு நடுவே தண்டு உள்ளீடற்றிருக்கும். இலைகள் இரண்டு வரிசையில் எதிரெதிராக அமைந்திருக்கும். தண்டைச் சுற்றிய இலையுறை ஒரு பக்கம் திறந்திருக்கும். நகத்தால் நெம்பினால் கிழியாமல் பிரிந்து வரும்.

கோரைக் குடும்பத்தில் தண்டின் அடியிலிருந்து பூங்கொத்து வரைக்கும் பொதுவாகக் கணு இருக்காது. உள்ளே வெண்மையான, மெத்தென்ற சோறு. செடியை மேலிருந்து பார்த்தால் இலைகள் மூன்று திசைகளில் போகும். இலையுறை முழுக் குழாயாக மூடியிருப்பதால், பிரிக்க முயன்றால் கிழியும். இந்த உறைச் சோதனை எனக்குப் பிடித்தமானது. பூவே இல்லாத இளஞ்செடியிலும் இது கைகொடுக்கும்.

ஆங்கிலப் புத்தகங்களை வைத்துப் படிப்பவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் வரும். அவற்றில் ‘ரஷ்’ என்றால் பெரும்பாலும் தனிக் குடும்பத்தைச் சேர்ந்த ஜங்கஸ் என்ற செடி. அதன் பூவை லென்ஸில் பார்த்தால் ஆறு சிறு இதழ்கள் தெரியும். காய் வெடித்தால் பொடியாக நிறைய விதைகள் கொட்டும். கோரையிலோ ஒரு பூவுக்கு ஒரே மணிதான். ஜங்கஸ் நம் பகுதியில் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான ஈரப் புல்வெளிகளுக்கு உரியது. பாபநாசத்துக்குக் கீழே சமவெளியில் ஒரு குளத்தில் அதைக் கண்டதாகத் தோன்றினால், உருண்டைத் தண்டுள்ள ஒரு கோரையைப் பார்த்து மயங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படி மயக்குபவற்றைத்தான் அடுத்துப் பார்க்கப் போகிறோம்.

இரண்டாம் படி: தண்டை உருட்டு, அறு, அமுக்கு

கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தண்டை உருட்டுங்கள். மூன்று விளிம்பு தட்டுகிறதா, வழுவழுவென்று உருள்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பூங்கொத்துக்குச் சற்றுக் கீழே ஒருமுறையும் அடிப்பகுதியில் ஒருமுறையும் உருட்டுங்கள். அடியில் உருண்டையாகவும் உச்சியில் மூன்று பட்டையாகவும் இருக்கும் இனங்கள் உண்டு.

பிறகு பிளேடால் நீளவாக்கில் ஒரு சாண் அளவுக்குப் பிளந்து பாருங்கள். உள்ளே சோறு ஒரே சீராக ஓடுகிறதா, அல்லது குறுக்கே மெல்லிய தடுப்புச் சுவர்கள் இருக்கின்றனவா? தடுப்புள்ள தண்டை அமுக்கினால் அறைகள் உடைந்து சடசடவென்று ஒலி வரும். தண்டு காய்ந்தால் அந்தத் தடுப்புகள் வெளியிலும் வளையம் வளையமாகத் தெரியும். அவற்றைக் கணு என்று எண்ணிப் புல்லில் சேர்த்துவிடாதீர்கள். கணுவில் இலை இருக்கும். இந்த வளையத்தில் எதுவும் இருக்காது.

மூன்றாம் படி: தடுப்புள்ள மூவர்

நம் குளங்களில் உருண்டைத் தண்டும் உள்தடுப்பும் கொண்டு, இலைப்பரப்பு இல்லாமல், கரையிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே நிற்பவை மூன்று. இந்த மூன்றையும் பிரிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதனால் இங்கே சற்று நின்று போகலாம்.

முதலாவது எலியோகாரிஸ் டல்சிஸ். தண்டின் உச்சியில் ஒரே ஒரு சிறுகதிர் நேராக நிற்கும். கிளையும் இல்லை, அதன் கீழே இலைபோல எதுவும் நீட்டிக்கொண்டிருப்பதும் இல்லை. தண்டின் பருமனும் கதிரின் பருமனும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால், தூரத்திலிருந்து பார்த்தால் பூக்காத செடி என்றே தோன்றும். சேற்றுக்குள் நீண்ட மெல்லிய ஓடுதண்டுகளை விடும். அவற்றின் நுனியில் சிறு கிழங்கு கட்டும். சீனச் சமையலில் நீர்க்கொட்டை என்ற பெயரில் பயன்படுவது இதே இனத்தின் பயிராக்கப்பட்ட வகைதான். நம் குளத்தில் கிடைக்கும் காட்டுக் கிழங்கு சிறியது. சமையலுக்கு என்று தோண்டப் போனால் ஏமாற்றமே மிஞ்சும்.

இரண்டாவது சைபெரஸ் ஆர்டிகுலேட்டஸ். இதன் உச்சியில் ஒரு புள்ளியிலிருந்து பல காம்புகள் பிரிந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒல்லியான, தட்டையான சிறுகதிர்கள் கொத்தாக இருக்கும். பூங்கொத்தின் அடியில் இருக்கவேண்டிய பூவடி இலைகள் மிகவும் குட்டையாக, செதில் அளவுக்குச் சுருங்கியிருக்கும். மண்ணுக்குள் தடித்த, செதில் மூடிய மட்டநிலத்தண்டு ஓடும். அதைக் கீறி முகர்ந்தால் வாசனை இருக்கும்.

மூன்றாவதுதான் பெரிய ஏமாற்றுக்காரன். ஸ்கோனோப்ளெக்டியெல்லா ஆர்டிகுலேட்டா என்பது பெயர். பழைய நூல்களில் ஸ்கிர்பஸ் ஆர்டிகுலேட்டஸ். இதன் பூங்கொத்து தண்டின் நடுவிலோ அதற்கும் கீழேயோ பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருப்பதாகத் தெரியும். உண்மையில் தண்டு அந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே நிற்பது பூவடி இலை; அது தண்டைப் போலவே உருண்டு, நிமிர்ந்து, தண்டின் நீளத்துக்கோ அதைவிட அதிகமாகவோ வளர்ந்துவிடுகிறது. நுனியை மட்டும் பறித்து வந்தால் வெறும் குச்சிதான் கையில் இருக்கும். எனவே எந்தக் கோரையையும் நுனியை மட்டும் கிள்ளாதீர்கள். இந்த இனம் ஒரே குத்தாக வளரும். நீண்ட ஓடுதண்டு இல்லை.

பூ இல்லாத பருவத்தில் வேரோடு பிடுங்குவதுதான் ஒரே வழி. மெல்லிய ஓடுதண்டு என்றால் முதலாவது, தடித்த வாசனையுள்ள மட்டநிலத்தண்டு என்றால் இரண்டாவது, வெறும் குத்து என்றால் மூன்றாவது. சேறு அலசிப் பார்க்கச் சோம்பல்பட்டால் பெயர் சொல்லாமல் இருப்பதே நல்லது.

நான்காம் படி: பாய்க்கோரை

பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்ற பொருள். அதன் மென்மைக்கு நெசவும், தண்டைப் பிளந்து காயவைத்து, பின் ஓடும் நீரில் ஊறவைத்து, மேலும் மெல்லிய இழைகளாகக் கிழிக்கும் பொறுமையும் காரணம். அதற்கு ஏற்ற தண்டு தடுப்பில்லாமல் சீராக இருக்கவேண்டும். தாவரவியல் நூல்களில் பாய்க்கோரைக்கு இரண்டு பெயர்கள் அடிபடுகின்றன: சைபெரஸ் பாங்கோரை, சைபெரஸ் கோரிம்போசஸ். இரண்டுக்கும் பெயரிட்டவர் டென்மார்க்கின் தாவரவியலாளர் ராட்பெல், 1773-இல். அந்தக் காலத்தில் தரங்கம்பாடி டேனியர் கையில் இருந்ததால் நம் கடற்கரைச் செடிகள் கோபன்ஹேகன் வரை போய்ச் சேர்ந்தன.

இரண்டையும் பிரிக்கப் பூவடி இலையைப் பாருங்கள். பாங்கோரையில் அவை பூங்கொத்தைத் தாண்டி நன்றாக நீண்டு நிற்கும். தண்டின் மேற்பகுதியில் மூன்று பட்டை தெளிவாகத் தட்டும். கோரிம்போசஸில் பூவடி இலைகள் குட்டை. பூங்கொத்தின் அளவுக்கு வந்தால் அதிகம். தண்டு பெரும்பாலும் உருண்டை, உச்சியருகே மட்டும் மழுங்கிய மூன்று பட்டை. இலைகள் இரண்டிலுமே அடியில் உறையளவுக்குக் குறைந்திருக்கும், அல்லது குட்டையான பரப்போடு நிற்கும். கோரிம்போசஸையும் முந்தைய படியில் கண்ட ஆர்டிகுலேட்டஸையும் குழப்பிக்கொள்வது எளிது. பிளேடால் பிளந்தால் ஆர்டிகுலேட்டஸில் தடுப்பு வரிசை கண்ணில் அடிக்கும்.

சந்தையில் கட்டாக வரும் கோரையில் பூங்கொத்து இருக்காது. அறுத்த தண்டை வைத்துக்கொண்டு இந்த இரண்டில் எது என்று அடித்துச் சொல்பவரை நான் நம்பமாட்டேன். வயலிலோ ஆற்றோரத்திலோ நிற்கும்போதே பார்க்கவேண்டிய செடி இது.

ஐந்தாம் படி: நெல் வயலில்

இங்கே உருண்டைத் தண்டுகளின் தொல்லை குறைவு. மூன்று பட்டைத் தண்டுகள்தான் அதிகம். வேளாண் துறையினர் வட்டக்கோரை என்பது சைபெரஸ் டிஃபார்மிஸ். ஊசிக்கோரை என்பது சைபெரஸ் இரியா. ஊருக்கு ஊர் இந்தப் பெயர்கள் மாறிப் புழங்கும் என்பதால் அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வட்டக்கோரையில் நுண்ணிய சிறுகதிர்கள் நெருங்கி உருண்டைத் தலைகளாகத் திரண்டிருக்கும்; ஒவ்வொரு பூவையும் மூடும் செதில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தண்டு மென்மையானது, அழுத்தினால் நசுங்கும். நீர் நிற்கும் வயலில் முளைத்து ஒரு மாதத்திலேயே விதைவிட்டுவிடும். ஊசிக்கோரையில் கதிர்கள் நெருக்கமில்லாமல் பிரிந்து நிற்கும், மஞ்சள் கலந்த பழுப்பு. செதில்கள் ஒன்றின் மேல் ஒன்று அதிகம் படியாமல் இடைவெளி விட்டிருப்பதால் சிறுகதிரின் விளிம்பு அரம்போலத் தெரியும். வேர்கள் செம்மஞ்சள் நார்களாக இருக்கும்.

இந்த இரண்டுக்கும் கிழங்கு கிடையாது. பிடுங்கியபோது கரும்பழுப்புக் கிழங்குகள் சங்கிலித் தொடராக வந்து, முறித்தால் மணந்தால் அது நாட்டு மருந்துக்கடையில் கோரைக்கிழங்கு என்று விற்கும் சைபெரஸ் ரொட்டண்டஸ். நீர் தேங்கிய நடுவயலைவிட வரப்பிலும் மேட்டுப் பாத்தியிலும்தான் இது செழிக்கும். சிறுகதிர் செம்பழுப்பு. கதிர் வைக்கோல் பொன்னிறமாக இருந்து, கிழங்கு தொடராக இல்லாமல் ஓடுதண்டின் நுனியில் மட்டும் இருந்தால் அது சைபெரஸ் எஸ்குலெண்டஸ். இங்கே நிறம் உதவுகிறதே என்று கேட்கலாம். உதவும், கிழங்கும் சேர்ந்து சாட்சி சொன்னால்.

வயலில் ஐந்தாவதாக ஒன்று பூக்கும் முன்பே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஃபிம்பிரிஸ்டைலிஸ் லிட்டோராலிஸ், பழைய பெயர் மிலியாசியா. அதன் அடி இலைகள் தட்டையாக, ஒரே தளத்தில், விரித்த பனையோலை விசிறியாக அமைந்திருக்கும். பூத்தபின் மெல்லிய காம்புகளின் நுனியில் சிறுசிறு உருண்டைக் கதிர்கள் பழுப்பாகத் தொங்கும். அதே இனத்தொகுதியின் டைகொட்டோமா கரையோரம் வளர்வது. அதற்கு இந்த விசிறி அடி இல்லை.

ஆறாம் படி: செதிலும் மணியும்

மேலே சொன்னவற்றில் முடிவு கிடைக்கவில்லை என்றால் லென்ஸை எடுங்கள். முதலில் சிறுகதிரின் செதில்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று பாருங்கள். இரண்டு வரிசையில் தட்டையாக அடுக்கியிருந்தால் சைபெரஸ். சுற்றிச் சுழன்று அடுக்கியிருந்தால் எலியோகாரிஸ், ஃபிம்பிரிஸ்டைலிஸ், ஸ்கோனோப்ளெக்டஸ் கூட்டம்.

பிறகு முற்றிய கதிரை வெள்ளைத் தாளின்மேல் வைத்து விரலால் தேய்த்து, உமியை ஊதிவிட்டு மணியை மட்டும் பாருங்கள். மூன்று கேள்விகள்.

மணியின் தலையில் தொப்பி இருக்கிறதா? சூல்தண்டின் அடிப்பகுதி உதிராமல் தடித்து மணியின்மேல் ஒட்டிக்கொண்டிருந்தால் எலியோகாரிஸ். குளத்தின் ஈரமணலில் விரல் உயரத்துக்குக் குத்துக்குத்தாக வளரும் இரண்டு சிறு எலியோகாரிஸ்களைப் பிரிக்கவும் மணிதான் வழி. இரண்டிலும் மணி கருப்பு, பளபளப்பு. ஜெனிகுலேட்டாவில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர், அட்ரோபர்பியூரியாவில் அதில் பாதி.

மணியின் அடியில் முள்மயிர்கள் இருக்கின்றனவா? தொப்பி இல்லாமல் முள்மயிர் இருந்தால் ஸ்கோனோப்ளெக்டஸ் பக்கம் போங்கள். ஆனால் ஸ்கோனோப்ளெக்டியெல்லா ஆர்டிகுலேட்டாவில் முள்மயிர் இல்லாமலே போகலாம், அங்கே பூங்கொத்தின் இடமே தீர்ப்பு சொல்லிவிடும். தொப்பியும் இல்லை, மயிரும் இல்லை, பூங்கொத்து உச்சியில் என்றால் ஃபிம்பிரிஸ்டைலிஸ்.

மணி மூன்று பட்டையா, இரு பக்கம் தட்டையான பயறு வடிவமா? மூன்று பட்டை மணிக்குச் சூல்முடி மூன்று. தட்டை மணிக்கு இரண்டு. லிட்டோராலிஸில் மூன்று பட்டை, மேலே சிறு மருக்கள். டைகொட்டோமாவில் தட்டை, மேலே நெடுக்கு வரிகளும் குறுக்குக் கோடுகளும் கட்டம் கட்டமாக. இந்தக் கட்டங்களை முதல்முறை லென்ஸில் பார்ப்பவர்கள் கொஞ்ச நேரம் வேறெதையும் பார்க்கமாட்டார்கள்.

கடலை நெருங்கும்போது

தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில். அதற்குக் கிழக்கே புன்னைக்காயல் முகத்துவாரம் வரை உப்பு ஏறிய நிலம் வருவதால் செடிகளும் மாறும். மூன்று பட்டைத் தண்டில் நல்ல இலைகளோடு, அடியில் கெட்டியான கிழங்கு முடிச்சோடு நிற்பது போல்போஸ்கோனஸ் மாரிட்டிமஸ். இலையில்லாமல் உயரமாக, பூங்கொத்து உச்சிக்குச் சற்றே கீழே பக்கவாட்டில் தெரிவது ஸ்கோனோப்ளெக்டஸ் லிட்டோராலிஸ். அதன் மணியடி மயிர்கள் முள்ளாக இல்லாமல் தட்டையாகி, நுனியில் இறகாகப் பிரிந்திருக்கும். ஃபிம்பிரிஸ்டைலிஸிலும் ஒரு லிட்டோராலிஸ் இருக்கிறதே என்றால், ஆமாம், கடற்கரைக்குரியது என்ற அடைமொழியைத் தாவரவியலாளர்கள் தாராளமாக வழங்கியிருக்கிறார்கள். முன்பாதியைச் சேர்த்தே எழுதுங்கள்.

சம்பும் நாணலும்

இவை கோரை இல்லை; ஆனாலும் கேட்பவர்கள் உண்டு. சம்பு பூத்துவிட்டால் யாரும் குழம்பமாட்டார்கள்: பழுப்பு நிற உருளைக்கதிர். நம் குளங்களில் பொதுவானது டைஃபா டொமிங்கென்சிஸ். பழைய இந்திய நூல்கள் இதையே அங்குஸ்டிஃபோலியா என்று எழுதின. மேலே ஆண் கதிர், கீழே பெண் கதிர், நடுவே வெறுந்தண்டு கொஞ்சம் தெரியும்.

நாணல் என்ற பெயரில் இரண்டு புற்கள் உலவுகின்றன. ஆற்று மணல்திட்டில் ஒடுங்கிய இலையும் வெள்ளை நடுநரம்புமாக, வெள்ளிப் பூக்கதிரோடு ஆடுவது சக்காரம் ஸ்பொண்டேனியம், கரும்பின் உறவு. வாய்க்கால் சேற்றில் ஆளுயரத்துக்கு மேல், தண்டு நெடுக அகன்ற இலைகளோடு, பழுப்புக் கதிரோடு நிற்பது ஃபிராக்மிட்டிஸ்.

பதிவு செய்வது

ஒரு செடிக்கு ஐந்து படங்கள் வேண்டும்: நிற்கும் இடத்தோடு முழுச் செடி, அலசிய வேர்ப்பகுதி, தண்டின் குறுக்குவெட்டும் நெடுக்குவெட்டும் ஸ்கேலோடு, பூங்கொத்தும் பூவடி இலையும், வெள்ளைத்தாளில் மணி. முழுச் செடி படத்தை மட்டும் அனுப்பிப் பெயர் கேட்டால் எந்த நிபுணரும் கையை விரிப்பார்.

செய்தித்தாளில் அழுத்தும்போது நெடிய தண்டை வெட்டாமல் ஆங்கில ‘V’ போலவோ இன்னும் ஒருமுறை மடக்கியோ வையுங்கள். முதல் மூன்று நாள் தாளைத் தினமும் மாற்றவேண்டும். தடுப்புள்ள தண்டுகளில் நீர் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். உதிரும் மணிகளைச் சிறு காகித உறையில் போட்டு அதே தாளோடு வையுங்கள். குளத்தின் பெயர், எந்தக் கால்வாயில் நிரம்புவது, நீரின் ஆழம், தேதி ஆகியவற்றைப் பென்சிலில் எழுதுங்கள்.

பெயர்ப் பட்டியலை ஒப்பிடும்போது பழைய பெயர்களையும் தேடவேண்டும். ஸ்கிர்பஸ் என்று இருந்த பலவும் இன்று ஸ்கோனோப்ளெக்டஸ், ஸ்கோனோப்ளெக்டியெல்லா, போல்போஸ்கோனஸ் எனப் பிரிந்துவிட்டன. பைக்ரியஸ், கைலிங்கா என்று தனியாக இருந்தவை சைபெரஸுக்குள் போய்விட்டன. முடிவு செய்ய முடியாத மாதிரிகளைப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் உலர்தாவரத் தொகுப்பிலோ, கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் (BSI) தொகுப்பிலோ உள்ள தாள்களோடு, முன்கூட்டி எழுதி அனுமதி பெற்று, ஒப்பிட்டுப் பார்க்கலாம். போகும்போது மணி உறையை மறக்காமல் எடுத்துப் போங்கள். அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.